ஹெல்மெட் படம் போட்ட பிறந்தநாள் அட்டை

ஒவ்வொரு வருடமும் ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் நம் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிறந்தநாள் அட்டை வரும். மற்ற அட்டைகளில் ஆள் படம், பெயர், ஒரு பைபிள் வசனம், கீழே சபையின் பெயர் எல்லாம் இருக்கும். இந்த ஒன்றில் மட்டும் ஒரு கறுப்பு ஹெல்மெட். முகமும் இல்லை, பெயரும் இல்லை, சபையின் பெயரும் இல்லை.

"ஹெல்மெட்டுக்கு எதுக்குப்பா பர்த்டே?" என்று போன வாரம் சின்னவன் கேட்டான். பெரியவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. "மாடி மாமாதானே?" என்றாள்.

அந்த அட்டையைச் செய்வது நான்தான். வாயால் சொன்னால் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன், முக்கியமாக என் தப்பை. அதனால் எழுதிவைக்கிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன், திருமழிசை எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாடி மாமா எந்த நாடு என்று எழுத மாட்டேன். முஸ்லிம் சட்டம் ரொம்பக் கண்டிப்பாக நடக்கிற ஒரு நாடு, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நம் தெரு மெக்கானிக் பாயை ஒரு மாதிரிப் பார்க்காதீர்கள். அந்த ஹெல்மெட்டை விலை குறைத்துக் கொடுத்து, கண்ணாடியையும் புதிதாக மாட்டிவிட்டவரே அவர்தான்.

உங்களுக்கு அவன் மாமா. எனக்குத் தம்பி மாதிரி. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

பெரியவள் யு.கே.ஜி. போன வருடம், நம் வீட்டு மொட்டை மாடி அறைக்கு அவன் குடி வந்தான். பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் மருந்துப் படிப்பு, கடைசி வருடம். இந்தியா வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் டீக்கடைத் தமிழ் நன்றாகவே பேசினான். வெளிநாட்டுக்காரருக்கு வீடு விட்டால் போலீஸுக்கு ஆன்லைனில் ஒரு படிவம் போடவேண்டும். வீட்டு ஓனர் முகப்பேரில் இருக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் வராது, என்னைப் போடச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். பிறந்த தேதி ஜனவரி ஒன்று.

"நியூ இயர் அன்னிக்கே பொறந்தியாபா?" என்றேன்.

சிரித்தான். "எங்க ஊர்ல பாதிப் பேரு அன்னிக்குத்தான் பொறந்தாங்க அண்ணாத்தே. எவன் தேதிய எழுதி வச்சான்? பாஸ்போர்ட் எடுக்கப் போனா, ஆபீசர் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டுப் போயிக்கினே இருப்பான்."

இந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள். பிறகு வரும்.

அவன் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் இரண்டு தெரு தள்ளி, மாவு மில் அக்கா வீட்டு மாடியில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். இவன் மட்டும் ஏன் தனியாக அறை எடுத்தான் என்று தெரியவில்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவன் போல என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை அவர்களோடு மசூதிக்குப் போவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. வண்டியைச் சபைக்குப் பின்பக்கம் நிறுத்துவான். செருப்பைக் கழற்றி, கதவைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றுவான். போகும்போது உள்ளேயே மாட்டிக்கொள்வான். பிள்ளைகள் எல்லாம் "ஹெல்மெட் மாமா, ஹெல்மெட் மாமா" என்று பின்னாலேயே ஓடுவீர்கள்.

பாடல் நேரத்தில் அவன் உதடு அசையும், சத்தம் வராது. நம் சபையில் மைக் போட்டுப் பாடினால் நெடுஞ்சாலை பஸ் ஹாரனே கேட்காது. அதில் ஒருத்தன் மட்டும் ஊமை மாதிரி. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன். "வெக்கமாபா? நாங்க இன்னா பெரிய பாட்டுக்காரங்களா? சும்மா சத்தமா பாடு."

அவன் ஒரு சட்டையை இரண்டு தடவை உதறினான். பிறகு சொன்னான். அவன் ஊரில் அவனையும் சேர்த்து நான்கு பேர். நான்கு பேரும் பிறப்பால் முஸ்லிம்கள், போனில் படித்தே இயேசுவை நம்பியவர்கள். ஒருவர் வீட்டிலும் கூட முடியாது. ஒருவர் காரில் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். ஓடுகிற காருக்குள்தான் ஜெபம். சிக்னலில் நின்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாட்டு என்றால் உதடு மட்டும்.

"மூணு வருசம் அப்பிடித்தான் அண்ணாத்தே. இப்ப வாய் தொறக்குது, சவுண்டு வர மாட்டேங்குது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "எங்க ஊட்லயும் அதே கததான்பா" என்றேன். உங்கள் அம்மாவும் நானும் சபைக்குப் போக ஆரம்பித்தபோது உங்கள் அம்மா வழித் தாத்தா இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. பொங்கலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பெரியவள் பிறந்ததும் வெள்ளிக் கொலுசோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "ரெண்டு வருசம் மூஞ்சத் திருப்பிக்குவாங்க, அப்பால தானா வருவாங்க. பயப்படாத," என்று அவன் தோளில் தட்டினேன். எனக்குத் தெரிந்த கஷ்டத்தின் அளவு அவ்வளவுதான். அதை வைத்தே அவன் கஷ்டத்தையும் அளந்துவிட்டேன்.

இன்னொன்று. அவன் நம் வீட்டில் சாப்பிடும்போது "வேணாம்" என்பான். அம்மா இன்னும் ஒரு இட்லி வைப்பாள். "வேணாங்க்கா" என்பான். சாம்பார் ஊற்றுவாள்.

"அக்கா, நெசமா வேணாம்!"

"இன்னாபா, நாலு இட்லி துன்னுட்டு வேணாம்ன்ற? கூச்சப்படாத."

"உங்க ஊர்ல வேணாம்ன்றதுக்கு வேற வார்த்த இன்னா கீது?" என்று என்னைக் கேட்டான்.

"வார்த்த இல்லபா. கையக் குறுக்க வச்சி தட்ட மூடிக்கணும். அதான் நெசமான வேணாம்," என்றேன். அதிலிருந்து தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்வான். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

அந்த டிசம்பரில், ஒரு சனிக்கிழமை சாயந்திரம், குத்தம்பாக்கத்தில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. என் வண்டி பஞ்சர். அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். திருமழிசை தாண்டியதும் லாரியும் பஸ்ஸுமாக ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே ஏதோ முனகல் கேட்டது. வண்டியில்தான் ஏதோ பிரச்சினை என்று குனிந்து செயினைப் பார்த்தேன். செயின் இல்லை. அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, அவன் பாஷையில், தொண்டை திறந்து பாடிக்கொண்டிருந்தான். சுருதி சுமார்தான். புது பஸ் நிலையத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் தூசி பறந்தது, எதிரே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அவன் நிறுத்தவில்லை. நானும் எதுவும் கேட்காத மாதிரியே வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று சபையில் சாப்பாடு. எல்லோரும் குடும்பம் குடும்பமாக போட்டோ எடுத்தோம். அவனையும் இழுத்தேன். "போட்டோ வேணாம் அண்ணாத்தே," என்றான். நம் ஆட்களில் யார்தான் முதல் தடவையே போட்டோவுக்கு வருகிறார்கள்? நான் வேணாம், தலை சீவல, நீங்க எடுங்க என்று நான்கு தடவை சொல்லிவிட்டுத்தானே நடுவில் வந்து நிற்கிறோம்? "அட வாபா," என்று தோளில் கை போட்டு நிறுத்திவிட்டேன். படம் எடுக்கும் நேரத்தில் கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான். நான் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கையைக் குறுக்கே வைத்தால் நிஜமான வேணாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதை நானே மறந்துவிட்டேன்.

ஜனவரி ஒன்று வந்தது. சபையில் பிறந்தநாள் அட்டை போடும் வேலை அப்போதும் எனக்குத்தான். பாஸ்போர்ட் தேதி மனசில் இருந்தது. இங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள், நாமாவது வாழ்த்துவோம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் படத்திலிருந்து அவன் முகத்தை வெட்டி எடுத்து, பலூன் வைத்து, பெரிய எழுத்தில் பெயர் போட்டு, நல்ல வசனமாகப் பார்த்துச் சேர்த்து, கீழே சபையின் பெயரை எழுதிக் காலை ஏழு மணிக்குக் குரூப்பில் போட்டேன். என் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அன்றுவரை நான் செய்ததிலேயே அழகான அட்டை அதுதான்.

ஆராதனைக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை, காலில் செருப்பும் இல்லை. நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

"அண்ணாத்தே, அத எடுங்க. இப்பவே எடுங்க."

"இன்னாபா, போட்டோ நல்லா இல்லியா?"

"எங்க அம்மாவப் பாக்க நான் ஊருக்குப் போவணும் அண்ணாத்தே. அத எடுங்க."

எடுத்தேன். அவசரத்தில், எனக்கு மட்டும் அழியும்படி முதலில் அழித்துவிட்டேன். அவனே போனை வாங்கி, அன்டூ தட்டி மீட்டு, எல்லோருக்கும் அழியும்படி செய்தான். அதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாலைந்து பேர் சேமித்து அவரவர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் படியில் உட்கார்ந்து முழுவதும் சொன்னான். ஜெபம் நடந்த அந்தக் காரின் சொந்தக்காரரை இவன் இந்தியா வருவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். வேலை போனது. மதம் விட்டவன் என்று சொல்லி மனைவியையும் பிள்ளைகளையும் கோர்ட்டே பிரித்தது. வெளியே வந்த பிறகு சொந்த அண்ணன் தம்பியே வீட்டுக்குள் விடவில்லை. ஒரு நாள் ஆளைக் காணோம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு ஏன் அக்கறை என்று திருப்பிக் கேட்பார்கள். "உங்க மாமனாரு ரெண்டு வருசம் பேசல. எங்க ஊர்ல ரெண்டு வருசம்லாம் கெடயாது அண்ணாத்தே," என்றான். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

படிப்பு முடிய நான்கு மாதம் இருந்தது. விசாவும் அதோடு முடியும். ஊரில் அம்மா, ஒரு தங்கை, ஒரு அண்ணன். தினமும் அம்மா வீடியோவில் கூப்பிடுவார். சென்னை டிராபிக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு அவருக்கு ஒரே பயம். முதல் கேள்வியே "ஹெல்மெட் போட்டுக்கிட்டியா?" என்பதுதான். இவன் அதை எடுத்து கேமரா முன்னால் காட்ட வேண்டும். முகத்தை மறைக்க அவனுக்கு ஹெல்மெட் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அதைப் போடச் சொன்னது அவன் அம்மா.

அன்று மத்தியானம் மாவு மில் அக்கா நம் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாபா, அழகா போட்டுக்கீறியே போட்டோ! எங்க மாடில கீற பசங்களாண்ட காட்டி, அவங்க போனுக்கும் அனுப்பினேன். 'பாருங்கடா, உங்க ஊரு புள்ள, எங்க சர்ச்சுக்கு வருது'ன்னேன்."

அந்த அக்கா மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் காட்டிய அட்டை நான் செய்தது.

சாயந்திரம் மாவு மில் மாடிப் பையன்கள் நால்வரில் ஒருவன் பைக்கில் வந்து கேட் வெளியே நின்றான். நல்ல உயரம், தாடி. மாடி மாமா மேலே இருந்தான். நான்தான் போய்ப் பேசினேன்.

"அண்ணே, அவன் உங்க சர்ச்சுக்கு வர்றானா?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. "அந்த அட்டய அவனக் கேக்காம நான் போட்டேன்பா. தப்பு என்னுது," என்றேன்.

"அத கேக்கல."

"எனக்குத் தெரிஞ்சது அதான்."

அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். அக்கா அனுப்பியிருந்த அட்டை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஜனவரி ஒண்ணா? எனக்கும் இன்னிக்குத்தான் பர்த்டே. ஒரு பயலும் விஷ் பண்ணல," என்றான். பிறகு என் கண்ணெதிரிலேயே அதை அழித்தான். "நான் பாத்தேன்னா ஊர்ல எங்க அப்பா கேக்கும்போது சொல்லித்தான் ஆவணும். அதனால நான் பாக்கல. ஆனா நாங்க நாலு பேரு அண்ணே. மத்த மூணு பேருக்கும் கண்ணு கீது."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான்காம் நாள் மாடி மாமாவின் அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டான். படம் அங்கே போய்விட்டது. ஒரே கேள்வி: அது நீயா? சாயந்திரம் மறுபடி கூப்பிடுகிறேன், பதில் சொல் என்று வைத்துவிட்டான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. மாடிக்கு ஓடினேன். "தம்பி, கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குப் போனேன், பக்கத்து ஊட்டுக்காரன் இஸ்துகினு போயி போட்டோ எடுத்துட்டான்னு சொல்லு. பாதி உண்மதான அது? நான் வேணா போன்ல பேசறேன். மன்னிப்பு கேக்கறேன்."

அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் பக்கத்தில் இருந்தது. "சொல்லலாம் அண்ணாத்தே," என்றான். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. உங்கள் அம்மா மூன்று தடவை சாப்பாடு கொண்டுபோனாள். மூன்று தடவையும் தட்டைக் கையால் மூடினான். மூன்று தடவையும் அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்ப எடுத்து வந்தாள்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. நான் படியில் நின்றேன். அவன் பேசியது ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் என்ன வார்த்தை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் வெகு நேரம் பேசினார்கள். பிறகு போன் வைக்கப்பட்டது.

"ஆமான்னு சொல்ட்டேன்," என்றான்.

"ஏம்பா?"

"மூணு வருசம் சவுண்டு இல்லாம பாடினேன். மொத தபா ஒருத்தன் நேரா கேக்குறான். இல்லன்னு சொல்ல வாய் வரல."

அண்ணன் சொன்னது இதுதான்: ஊருக்கு வராதே. வந்தால் போலீஸுக்குச் சொல்வது நானாகத்தான் இருக்கும். அம்மாவிடம், நீ தூரதேசத்தில் வேலைக்குப் போய்விட்டாய், அங்கே போன் கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும், அவளை நினைத்தாவது பெயரை எங்கேயும் வெளியே விடாதே.

அதன் பிறகு அவன் அம்மா போன் வரவில்லை. காலையில் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்துக்கு அவன் ஹெல்மெட்டை எடுத்துத் துடைப்பான். துடைத்துவிட்டுக் கீழே வைப்பான்.

பாஸ்டர் ஐயா யார் யாரையோ பார்த்தார், எழுதினார். விசா முடிவதற்குள் ரொம்பக் குளிரான ஒரு நாட்டுக்குப் போக வழி கிடைத்தது. கிளம்பும்போது ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தான். "அங்க பஸ்தான் அண்ணாத்தே. இது உங்களாண்ட இருக்கட்டும்." நான் அவன் காலில் விழுந்திருப்பேன், உங்கள் அம்மா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்க மேல கோவம் கெடயாது," என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க ஊரு வேணாம்தான் எனக்குப் புரியல, எங்க ஊரு வேணாம் உங்களுக்குப் புரியல," என்றான். மேலே லாஃப்டில் துணி சுற்றி வைத்திருப்பது அந்த ஹெல்மெட்தான். விற்கலாமே என்று இனி கேட்காதீர்கள்.

அவன் போன அடுத்த வாரம் அந்தத் தாடிக்காரப் பையனும் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பினான். போகும்போது நம் வீட்டுக்கு வந்தான். மாடி அறை காலியாக இருப்பதைக் கீழிருந்தே பார்த்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தன் எண்ணை என் போனில் அவனே பதிந்தான்.

"நியூ இயருக்கு எனக்கு ஒரு கார்டு அனுப்புங்க அண்ணே. என் பர்த்டேதான அது? யாரு கேட்டாலும் எனக்கு வந்ததுன்னு சொல்லிக்குவேன். பேரு வேணாம். மூஞ்சி வேணாம். சர்ச்சு வேணாம்." ஒவ்வொரு வேணாமுக்கும் கையால் ஒரு முறை குறுக்கே வெட்டிக் காட்டினான். "ஹெல்மெட் படம் மட்டும் போடுங்க, நான் காட்டறேன். அவனோட அம்மா எங்க தெருதான். அந்த ஹெல்மெட்ட அவங்களுக்குத் தெரியும்."

நான் முதலில் மாடி மாமாவைக் கேட்டேன். குளிர் நாட்டுக்குப் போன் போட்டு, இப்படிச் செய்யட்டுமா தம்பி என்று கேட்டேன். அவன் இரண்டு நாள் யோசித்துச் சரி என்றான். ஹெல்மெட்டை மாடியில் வெயிலில் வைத்துப் படம் எடுத்தேன். அதன் மேல் தமிழில் "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதினேன். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள் என்பதால் யாருக்கு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. நம் சபையிலும் அதையே போடுகிறேன். பெயர் சொல்லாமல் ஜெபிக்கிறோம்.

தாடிக்காரப் பையனிடமிருந்து வழக்கமாக ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். அந்த அம்மா பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவன் எழுதவேண்டி வரும், எழுதினால் அது அவன் போனில் இருக்கும். இந்த வருடம் மட்டும் கட்டைவிரலுக்குப் பிறகு குரலில் ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் அழித்துவிட்டான். அழிப்பதற்கு முன்பே நான் அதைக் கேட்டுவிட்டேன். "அண்ணே, அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இப்பவும் போட்டுக்கினுதான் ஓட்றானான்னு."

அதை அப்படியே குளிர் நாட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னா சொல்லட்டும்பா? ஆமான்னு சொல்லட்டா?"

"இப்ப சொன்னா பொய் அண்ணாத்தே. என்னாண்ட வண்டி இல்ல. ரெண்டு நாள் டைம் குடுங்க."

மூன்றாம் நாள் எனக்கு ஒரு படம் வந்தது. பனி கொட்டிக்கிடக்கும் ஒரு தெருவில் பழைய சைக்கிள் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறான். தலையில் புது ஹெல்மெட், நாடா தாடைக்குக் கீழே இறுகக் கட்டியிருக்கிறது. கூடவே ஒரு வரி: "இப்ப ஆமான்னு சொல்லுங்க."

சொன்னேன். தாடிக்காரப் பையனுக்கு "ஆம்" என்று மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. உங்களுக்குக்கூடக் காட்டவில்லை, காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். "யாருக்கும் வேணாம் அண்ணாத்தே" என்று சொல்லியிருக்கிறான்.